பிரெஞ்சு வினைச்சொல் நாக்கில் நிற்க...

பிளஸ் ஒன்னில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுத்த பிள்ளைகள் திணறுவது வினைச்சொல்லில்தான். எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. ஆனால் திண்டுக்கல் பேகம்பூரில் உருது பேசும் நம் வீடுகளில் இதற்குத் தேவையான ஒலிகள் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கின்றன.

1. முதலில் ஊமை எழுத்துகளைப் பென்சிலால் அடித்துவிடுங்கள். 'பர்லே' என்றால் பேசுதல். நான், நீ, அவன், அவர்கள் என்று நான்கு இடத்திலும் வாயில் வருவது ஒரே 'பார்ல்'. 'அவர்கள்' வடிவத்தின் கடைசியில் வரும் ஈ, என், டி மூன்றுக்கும் ஒலி கிடையாது. 'பார்லென்ட்' என்று வாசித்தால் உடனே திருத்துங்கள்.

2. அசை பிரிக்க: இரண்டு உயிருக்கு நடுவே ஒரு மெய் வந்தால் அது பின் அசையோடு சேரும். இரண்டு மெய் வந்தால் நடுவில் பிரியும்: பர்-லோ(ங்), பேசுகிறோம். பி, டி, வி போன்றவற்றுக்குப் பின் ஆர் அல்லது எல் வந்தால் மட்டும் பிரிக்கக் கூடாது: ஊ-வ்ரோ(ங்), திறக்கிறோம்.

3. அந்த (ங்) உருதுவின் நூன் குன்னாதான். வீட்டில் 'ஹா(ங்)', 'மா(ங்)' என்கிறோமே, அதே மூக்கொலி. நாக்கு நுனி மேலே தொடக் கூடாது. கண்ணாடி முன் சொல்லச் சொன்னால் தெரிந்துவிடும்.

4. பிரெஞ்சு 'ர' தொண்டையில் பிறப்பது. 'மஃரிப்' என்று ஓதும்போது வரும் கைன் எழுத்துக்கு மிக நெருக்கம்.

5. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். ஈ-லெம் என்றால் அவன் நேசிக்கிறான். ஈல்-ஃஸெம் என்றால் அவர்கள் நேசிக்கிறார்கள். ஒருமையா பன்மையா என்று காதுக்குச் சொல்வது அந்த 'ஃஸ்' மட்டுமே. உருதுக்காரர் 'நமாஸ்' என்னும்போது கடைசியில் அதிர்கிற ஒலி அது. ஈல்-ஃஸோ(ங்) என்றால் 'அவர்களிடம் இருக்கிறது'. ஈல்-ஸோ(ங்) என்றால் 'அவர்கள் இருக்கிறார்கள்'. ஒலி மாறினால் பொருளே மாறிவிடும். இந்த இரண்டிலும் ஓ, என், டி என்ற முடிவு ஊமையல்ல, மூக்கொலியாக ஒலிக்கும்.

6. 'முடிக்கிறோம்' என்ற சொல்லை வரி முடிவில் உடைத்து எழுதினால் ஃபி-நிஸ்-ஸோ(ங்). சொல்லும்போது ஃபி-நி-ஸோ(ங்).

7. ஆர்.எஃப்.ஐ. வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டியதில்லை. 'ஃஸ்' வந்ததா என்று கவனித்தாலே போதும்.