மலைப்பாதையில் மிதிவண்டி

சேலம் நகரிலிருந்து வடகிழக்கே நோக்குவோர்க்குச் சேர்வராயன் மலை நீலநிற மதில்போல் தோன்றும். நாமக்கல்லை அடுத்த சமவெளியில் நிற்போர்க்குக் கொல்லிமலை காட்சி தரும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அதுவே. சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில் 20 கொண்டையூசி வளைவுகள் உள்ளன; காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையிலோ அவை 70. சமவெளியில் மிதிவண்டி ஓட்டிப் பழகிய இளைஞர்க்கு இவ்விரு மலைகளும் சிறந்த பயிற்சிக் களங்களாகும். எனினும், ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு புறப்படுவோர் முதல் நாளிலேயே தளர்ந்துவிடுவர். ஒரு வாரப் பயிற்சி பயன்தர வேண்டுமாயின், அதற்குரிய திட்டத்தை முன்னரே வகுத்தல் வேண்டும்.

மலையேறுதல் ஏன் கடினமாகிறது? ஓர் இளைஞனின் எடை 55 கிலோகிராம் என்றும், அவனது வண்டியின் எடை 15 கிலோகிராம் என்றும் கொள்வோம். அவன் 1,000 மீட்டர் உயரம் ஏறுவானாயின், 70 கிலோகிராம் சுமையை அவ்வுயரத்திற்குத் தன் கால்களாலேயே தூக்குகிறான். உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே வண்டியைச் செலுத்தப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாக மாறுகிறது. ஏறுபவன் வியர்வையில் நனைவது இதனாலேயாம்.

இச்சுமையை எளிதாக்கப் பற்சக்கரங்கள் உதவுகின்றன. முன்சக்கரத்தில் 44 பற்களும் பின்சக்கரத்தில் 22 பற்களும் இருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுற்றும்போது வண்டியின் சக்கரம் இருமுறை சுழலும். இரண்டிலும் பற்கள் சமமாயின் ஒருமுறையே சுழலும். வேகம் குறையும், ஆனால் ஏறுவது எளிதாகும். 1903ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் தொடங்கிய புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயம், 1910இல் பிரனீசு மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களைக் கடந்து சென்றது. பற்சக்கரங்களை ஓடும்போதே மாற்றும் கருவி 1937ஆம் ஆண்டில்தான் அப்பந்தயத்தில் இடம்பெற்றது. அதற்கு முன்னர், தேர்ந்த வீரர்களும் செங்குத்தான இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிச் செல்ல நேர்ந்ததுண்டு. ஆதலால் இறங்கி நடப்பது இழிவன்று. இயலாதபோது இயலும் என்று நடிப்பதே இழிவு.

பயிற்சிக்குத் தை, மாசித் திங்கள்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும்; கோடை வெப்பமும் தொடங்கியிராது. புறப்படுமுன் பிரேக்குக் கட்டைகள், கம்பிகள், டயர்கள், சங்கிலி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். மாற்று டியூப், ஒட்டுப்போடும் பொருள்கள், காற்றடிக்கும் பம்பு, முதலுதவிப் பெட்டி ஆகியன குழுவுடன் இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தலைக்கவசம் அணிதல் இன்றியமையாதது. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையுமாதலால், கம்பளிச் சட்டையும் தேவைப்படும்.

இனி, ஏழு நாள் திட்டத்தைக் காண்போம். முதல் நாள் சேலத்திலிருந்து இராசிபுரம் வரை சமவெளியில் சென்று திரும்புதல். இரண்டாம் நாள் ஏற்காட்டுச் சாலையில் பத்து வளைவுகள் மட்டும் ஏறி, மெல்ல இறங்கிப் பழகுதல். மூன்றாம் நாள் ஏற்காடு வரை ஏறி, அங்கேயே தங்குதல். நான்காம் நாள் முழு ஓய்வு. ஐந்தாம் நாள் காலையில் மலையிலிருந்து இறங்கிச் சேந்தமங்கலம் சேர்தல். ஆறாம் நாள் காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறிச் செம்மேட்டில் தங்குதல். ஏழாம் நாள் காலையில் இறங்கி, சமவெளி வந்தடைதல்.

ஆர்வம் மிக்க இளைஞன் ஒருவன், “நான்காம் நாளை ஏன் வீணாக்க வேண்டும்?” என்று வினவக்கூடும். அது வீண் அன்று. கடும் உழைப்பால் தசை இழைகள் சிறிது சிதைகின்றன. உணவாலும் உறக்கத்தாலும் அவை சீர்பெற்று முன்னினும் வலிமை அடைகின்றன. மலை உடலுக்கு விடுக்கும் வினாவிற்கு, உடல் ஓய்வில்தான் விடை காண்கிறது. ஓய்வில்லாப் பயிற்சி, பாத்திகட்டாமல் பாய்ச்சிய நீர் போன்றது.

இத்திட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. மலையுச்சி வரை ஏறிய நாளில் இறங்குதல் இல்லை. ஏறும்போது அரிதின் சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது வேகமாக வெளிப்பட முனைகிறது. அதனைப் பிரேக்குகளே பெரிதும் ஏற்க வேண்டும். இடைவிடாமல் அழுத்திப் பிடித்தால் ரிம் கடுஞ்சூடாகி டியூப் வெடித்தலும் கூடும். ஆதலால் வளைவிற்கு முன்னரே வேகத்தைத் தணித்து, இரு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடித்தல் வேண்டும். முன்பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் ஓட்டுபவன் தலைகுப்புற விழுவான். எதிரே பேருந்தோ சரக்குந்தோ வரக்கூடுமாதலால், இடப்பக்கத்தை விட்டு விலகலாகாது. இவற்றிற்கெல்லாம் தளராத கைகளும் தெளிந்த கண்களும் வேண்டும். ஏறிக் களைத்தவனிடம் அவை இரா.

காலையில் இட்டலி, இடையில் வாழைப்பழம், கடலை உருண்டை, சிறிது உப்பிட்ட மோர் ஆகியன போதிய வலிமை தரும். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாக நீர் பருகுதல் நன்று. குழுவில் அனுபவம் மிக்கவர் இருவருள் ஒருவர் முன்னும் மற்றொருவர் கடைசியிலும் செல்லுதல் வேண்டும். ஐந்து வளைவிற்கு ஒருமுறை முன்சென்றோர் நின்று, பின்வருவோர் அனைவரும் வந்து சேர்ந்த பின்னரே புறப்படுதல் முறையாகும்.

எழுபது வளைவுகளையும் முதலில் ஏறி முடித்தவன் யார் என்பது ஒருநாட் பேச்சு. ஏழாம் நாள் மாலையில், புறப்பட்ட அனைவரும் ஊறின்றி, முன்னினும் வலிமையுற்று வீடு திரும்பினர் என்பதே பயிற்சியின் வெற்றி. விரைவு கால்களில் இருக்கலாம். அதனை ஆளும் பொறுமை உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.