ஒரே படம், இரண்டு நிறம்

கேள்வி: 'சூப்பர் மரியோ' விளையாட்டில் வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான் என்கிறான் என் மகன். உண்மையா?

பதில்: உண்மைதான். மேகத்துக்கு வெள்ளை, புதருக்குப் பச்சை. வடிவம் அச்சு அசலாக ஒன்றே. புதரின் அடிப்பகுதி மட்டும் தரைக்குள் மறைந்திருக்கும்.

1985-இல் நின்டெண்டோ வெளியிட்ட அந்த விளையாட்டின் கேட்ரிட்ஜில் இருந்த மொத்த இடம் 40 கிலோபைட். அதில் படங்களுக்குக் கிடைத்தது வெறும் 8. மரியோ, ஆமைகள், காளான்கள், செங்கற்கள், கோட்டைகள், எழுத்துகள் எல்லாமே அதற்குள் அடங்க வேண்டும். அதனால் ஒருமுறை வரைந்த வடிவத்துக்கு வேறு நிறம் பூசி, இன்னொரு பொருளாக்கினார்கள். அற்புதமான சிக்கனம்!

மரியோவின் தொப்பியும் மீசையும்கூட இட நெருக்கடியில் பிறந்தவையே. 1981-இல் 'டாங்கி காங்' விளையாட்டுக்காக அவரை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோவிடம், தலைமுடியையும் வாயையும் தெளிவாகக் காட்டப் போதுமான புள்ளிகள் இல்லை. தொப்பி முடியை மறைத்தது. மீசை வாயை மறைத்து மூக்கை எடுத்துக்காட்டியது.

இட நெருக்கடியால் பிழையும் வரும்; 'பேக்-மேன்' விளையாட்டின் கதை அப்படி. அதில் 256-ஆம் கட்டத்தை எட்டினால் திரையின் வலது பாதி எழுத்தும் குறியுமாகச் சிதறிவிடும். கட்ட எண்ணை வைத்திருக்கும் ஒற்றை பைட்டில் 255-க்கு மேல் இடமில்லை. அங்கே கணக்குப் பிசகி, கீழே சில பழங்களை வரைய வேண்டிய நிரல் 256 பழங்களை வரையக் கிளம்பிவிடுகிறது.