படத்தில் எழுத்தைப் பதித்தல்

சிவகாசியில் அச்சாகும் நாட்காட்டிகளை நம்மில் அறியாதார் இலர். திருவுருவமோ இயற்கைக் காட்சியோ முன்னரே பல்லாயிரமாக அச்சாகிவிடும். அடியில் விடப்பட்ட வெற்றிடத்தில், வேண்டுவோர் கடையின் பெயரும் விலாசமும் பின்னர் ஏறும். பெயர் ஏறாத தாள் எவருக்கும் உதவும்; ஏறிய தாளோ அந்தக் கடை ஒன்றற்கே உரியதாகும். சுரண்டினால் தாள் கிழியுமேயன்றிப் பெயர் போகாது. அசையும் படத்தில் பேச்சின் பொருளை எழுத்தாக, நீங்காதவாறு பதிக்கும் தொழிலும் இத்தகையதே. அதன் இயல்பையும் முறையையும், சிவகாசிக்கும் விருதுநகருக்கும் இடையே அர்ச்சுனா நதியின் அணையை அடுத்துள்ள ஆனைக்குட்டத்தை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

படத்தோடு எழுத்தைச் சேர்க்கும் வழக்கம் புதிதன்று. ஊமைப்படக் காலத்தில் காட்சிகளுக்கு இடையிடையே எழுத்துப் பலகைகள் தோன்றின. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த கீசக வதத்தில் தமிழும் ஆங்கிலமும் இந்தியும் அவ்வாறு இடம்பெற்றன. அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. பேசும் படம் வந்தபின் எழுத்தைக் காட்சியின் மேலேயே ஏற்றவேண்டியதாயிற்று. 1930-களில் ஐரோப்பாவில், படச்சுருளின்மீது மெழுகு பூசி, எழுத்தச்சைச் சூடாக்கி அழுத்தி, மெழுகு நீங்கிய இடத்தை இரசாயன நீரால் அரித்து எழுத்தை வெண்மையாக்கினர். 1988-இல் பாரிஸ் நகரில் அவ்வேலையைச் செய்ய லேசர் ஒளி வந்தது. அரித்தாலும் எரித்தாலும் போனது போனதே. இக்காலத்தார் இதனை எழுத்தை ‘எரித்தல்’ என்றே வழங்குவது அதுபற்றிப் போலும்.

இனி ஆனைக்குட்டத்திற்கு வருவோம். இவ்வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலால் பிழைக்கும் குடும்பங்கள் மிகப் பல. மருந்துப் பாத்திரத்தைத் தரையில் இழுத்தலாகாது, ஓர் அறையில் அளவுக்கு மேற்பட்டோர் இருத்தலாகாது, உராய்வே பெரும்பகை என்பன இத்தொழிலின் பாலபாடங்கள். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பலர் ஆலைத் தொழிலாளர் அல்லர். தீயைக் கண்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். ஆகவே ‘தீப்பற்றிய ஆலையை நெருங்காதீர்’ என்னும் ஒரு வரி, ஆலைக்குள் இருப்பார்க்கு மட்டுமன்றி ஊரார் அனைவர்க்கும் உரிய பாடமாகும்.

இப்பாடங்களை ஆங்கிலத்தில் உரைக்கும் பத்து நிமிடப் படம் ஒன்று நம் கைக்கு வந்ததென்று வைத்துக்கொள்வோம். தமிழ் எழுத்தை அதனோடு சேர்க்க இரு வழிகள் உள. ஒன்று, எழுத்தைத் தனிக்கோப்பாக வைத்தல், அல்லது படக்கோப்பிற்குள்ளேயே பிரிக்கத்தக்க இழையாகக் கோத்தல். இது சில நொடிகளில் முடியும், படம் சிறிதும் கெடாது, வேண்டாதபோது எழுத்தை மறைக்கலாம், பிழையைத் திருத்தலாம். கல்லூரி நூலகத்தில் வைப்பதற்கு இவ்வழியே சிறந்தது என்பது நம் கருத்து. ஆனால் அப்படம் ஆனைக்குட்டத்துத் தெருக்களில் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிச் செல்லுங்கால் தனிக்கோப்பு வழியிலேயே தவறிவிடும். ஊர் மன்றத்துத் தொலைக்காட்சியில் பென்டிரைவைச் செருகினால் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறுங்கட்டங்கள் வரிசையாய் நிற்பதும் உண்டு. மேலும், காது கேளாத ஒருவர்க்கு அவ்வெழுத்தே பேச்சு. அஃது எந்நேரமும் எக்கருவியிலும் இருந்தே தீரவேண்டும். இத்தகைய இடத்திற்கு இரண்டாம் வழியாகிய பதித்தலே ஏற்றது.

பதிப்பதற்குப் படம் முழுவதையும் மறுபடியும் குறியாக்கவேண்டுவது ஏன்? ஒரு நொடிக்கு 25 சட்டங்கள் எனின் பத்து நிமிடத்திற்கு 15,000 சட்டங்கள். 1920-க்கு 1080 என்னும் அளவுடைய ஒரு சட்டத்தில் புள்ளிகள் 20,73,600. புள்ளிக்கு மூன்று பைட்டாக அனைத்தையும் உள்ளபடியே எழுதினால் 9,331 கோடி பைட்டுகள் ஆகும். அவ்வளவையும் எவரும் சுமப்பதில்லை. எச்.264 போன்ற முறைகள், முன்சட்டத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நுட்பங்களை விட்டுவிடுகின்றன. ஒரு சட்டம் மற்றொன்றைச் சார்ந்து நிற்பதால், நடுவில் உள்ள ஒன்றை மட்டும் எடுத்து அதன்மேல் எழுதுதல் இயலாது. ஆதலின் யாவற்றையும் விரித்து, எழுத்தை ஏற்றி, மீண்டும் சுருக்குதல் வேண்டும். சுருக்குந்தோறும் சிறிது தெளிவு குறையும். அச்சுப்படத்தைப் பார்த்து மற்றோர் அச்சுக்கட்டை செய்தால் கோடுகள் மழுங்குதல் போன்றது இது. ஒலியைத் தொட வேண்டுவதில்லை. அதனை அப்படியே படியெடுத்துக்கொள்ளலாம்.

இவ்வேலைக்கு எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. 2000-இல் பாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர் இதனைத் தொடங்கினார். கட்டளை எழுத அஞ்சுவோர் ஹேண்ட்பிரேக் என்பதைக் கைக்கொள்ளலாம். தெளிவின் அளவை ஓர் எண்ணாற் குறிப்பர்: எக்ஸ்264 என்னும் குறியாக்கியில் இயல்பாக அமைந்திருப்பது 23. எண் குறையத் தெளிவு கூடும், கோப்பும் பெருக்கும். எழுத்தின் ஓரங்கள் கூர்மையானவை ஆதலின் முதலிற் கலங்குவன அவையே. எனவே 18 முதல் 20 வரை வைத்தல் நன்று. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது தானும் ஒருமுறை சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பின் அவ்விடர் இல்லை.

தமிழுக்கே உரிய இடர் ஒன்று உண்டு. அச்சுக்கோப்பவர் ‘தொ’ என்பதைக் கோக்கும்போது முதலில் கொம்பையும், பின் தகரத்தையும், அதன்பின் காலையும் வைப்பார். யூனிகோடு முறையிலோ முதலில் நிற்பது தகரம். உயிர்க்குறி அதன்பின் வரும். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தை வரையும் மென்பொருளின் கடமை. அக்கடமை வழுவினால் ‘தொடாதே’ என்னும் எச்சரிக்கை கொம்பும் காலும் இடம்மாறிப் படிக்க வராத கோலமாகும். லிபாஸ் என்னும் நிரலகமும் அதற்குத் துணையாகிய ஹார்ஃப்பஸ் என்பதும் சேர்ந்திருப்பின் இக்குறை நேராது. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டிய உரையை முதலில் யூனிகோடாக மாற்றி, யூடிஎஃப்-8 முறையிற் சேமித்தல் இன்றியமையாதது. (ஆனைக்குட்டம் என்னும் பெயரில் உள்ள ‘னை’ முன்னர்த் துதிக்கை வடிவாய் எழுதப்பட்டது, 1978-இல் அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தத்தால் ஆனை தன் துதிக்கையை இழந்தது!)

எழுத்து திரையில் தங்கும் காலமும் எண்ணத்தக்கது. இரண்டு வரிக்கு மேற்படாமலும், நிறைந்த இரு வரிகள் ஏறத்தாழ ஆறு நொடி நிற்குமாறும் அமைப்பது மேலைநாட்டார் வழக்கம். தமிழ்ச் சொற்கள் நீண்டவை. பகல் முழுதும் உழைத்து மாலையில் பார்ப்போர் மெல்லப் படிப்பவராகவும் இருத்தல் கூடும். ஆதலால் சொல்லைக் குறைத்து நேரத்தைக் கூட்டுக. எழுத்தெண்ணிக்கையைக் கணிப்பொறியிடம் விடுதலும் பிழையாம்: ‘தொடாதே’ நமக்கு மூன்றெழுத்து, அதற்கு ஆறு குறிகள். வெள்ளெழுத்துக்குக் கரிய விளிம்பு போதுமென்பர். ஆயினும் மத்தாப்பும் வெடியும் ஒளிவிடும் காட்சியில் திரை முழுவதும் வெளுத்துவிடுமாதலின், எழுத்தின்பின் கரும்பட்டை ஒன்று இடுதலே தக்கது. அப்பட்டை, மருந்து செலுத்தும் கைகளை மறையாதிருத்தல் வேண்டும்.

முழுப்படத்தையும் பதிக்குமுன் ஒரு நிமிட அளவு பதித்து, மன்றத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒருவரைப் படிக்கச் சொல்லுக. தமிழ் வரிகளை ஒரு போர்மேனிடம் காட்டுதலும் வேண்டும். ‘இழுக்காதீர்’ என்பது தவறி ‘இழுப்பீர்’ என ஆனால் அதன் விளைவை அவரே நன்கறிவார். பிழை பின்னர்த் தெரியவரின், பதித்த படத்தின்மேல் மீண்டும் பதித்தலாகாது. பழைய எழுத்து அடியில் நிற்கும், தெளிவும் இருமுறை குறையும். மூலப்படமும் எழுத்துக்கோப்பும் தனித்தனியே பேணப்பட்டிருந்தால் திருத்திப் பதித்தல் சிறிது நேர வேலையே. ஆனால் முன்பே பரவிய பிழைப் பிரதிகளைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் ஒவ்வொரு பதிப்பின் முதற்காட்சியிலும் மூலையில் நாளையும் பதிப்பெண்ணையும் சிற்றெழுத்தில் சேர்த்துவிடுக. எப்பிரதி பழையது என்பதைக் கைப்பேசி வைத்திருப்பவரே கண்டுகொள்வார்.