ஓட்டும்போது போனை அடக்க எந்த வழி நல்லது?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. வாட்ஸ்அப் செய்தியைப் படிக்க ஐந்து நொடி குனிந்தால், 80 மீட்டருக்கு மேல் சாலையைப் பார்க்காமலே போயிருப்போம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளில் கேமரா பொருத்திக் கவனித்து, குறுஞ்செய்தி அனுப்பும் ஓட்டுநர் விபத்திலோ விபத்தை நெருங்கும் நிலையிலோ சிக்கும் வாய்ப்பு 23 மடங்கு என்று 2009இல் அறிவித்தார்கள். தொழில்முறை ஓட்டுநர்களின் நிலையே இது. லைசென்ஸ் வாங்கிச் சில மாதமே ஆன பிள்ளையிடம் அறிவுரை மட்டும் போதாது. செய்தி வந்த ஒலி கேட்ட கணத்தில் அது மறந்துபோகும். ஆகவே எந்தத் தொழில்நுட்பத்தையும் ஒரே கேள்வியால் எடைபோடலாம்: அந்த ஒலியே எழாமல் அது தடுக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நேரான பதில் போனிலேயே இருக்கிறது. ஐபோனில் 2017 முதல் ஓட்டுநர் முறை உண்டு. பல ஆண்ட்ராய்டு போன்களிலும் உண்டு. செலவில்லை. ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கிவிடும். ஐபோனில், செய்தி அனுப்பியவருக்குத் தானாகவே பதிலும் போகும். குறை என்னவென்றால், முதலில் யாராவது அதை அமைத்துவைக்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் நடந்த ஓர் ஆய்வில், ஐபோன் வைத்திருந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவரே அதைத் தானாக இயங்கும்படி வைத்திருந்தார்கள். வேகத்தை வைத்து இயங்கும்படி அமைத்தால், பஸ்ஸில் போகும்போதும் போன் அடங்கக்கூடும். எரிச்சலில் பிள்ளை அதை அணைத்துவிடுவான். காரின் புளூடூத்தோடு இணைந்ததும் இயங்கும்படி வைப்பதே சரி.

அடுத்தது வண்டியின் திரை. போனைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் கார்ப்ளேயும் செய்தியை வாசித்துக் காட்டும், பேசினால் பதில் அனுப்பும். கண் சாலையில் இருக்கும், மனம் இருக்குமா? யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கட்டளை முடிந்த பிறகும் 27 நொடி வரை கவனச்சிதறல் நீடித்தது. ஸ்கூட்டர்களிலும் கவனம் சிதறும் சிக்கல் உண்டு. 2018இல் வந்த டிவிஎஸ் என்டார்க் முதல் பல வண்டிகளின் மீட்டர் திரை, அழைப்பவர் பெயரைக் காட்டுகிறது. வசதிதான், ஆனால் கண்ணை இழுக்கிறது. வழிகாட்டும் வரைபடத்துக்குத் திரையைப் பயன்படுத்தலாம். செய்தி அறிவிப்பை அணைத்துவிடுவது நல்லது.

மூன்றாவது, பெற்றோருக்கு அறிக்கை அனுப்பும் கண்காணிப்புச் செயலிகள். வேகம், திடீர் பிரேக், போன் பயன்பாடு ஆகியவற்றைப் பதிவு செய்பவை இவை. பேசித் திருத்த இந்த விவரம் உதவும். ஆனால் போனைத் தொட்ட பிறகுதான் அறிக்கை வரும். பிள்ளைக்குத் தெரியாமல் வைத்தால் நம்பிக்கையும் போய்விடும். முதல் சில மாதங்களுக்கு, இருவரும் ஒப்புக்கொண்டு பயன்படுத்துவதே முறை.

அவசரத்துக்கு எப்படி அழைப்பது என்று பெற்றோர் தயங்குவது நியாயம். குறிப்பிட்டவர்களின் அழைப்பையும், உடனே திரும்ப வரும் அழைப்பையும் விட்டுவிடும்படி போனில் அமைக்கலாம். அப்படி வந்தாலும் ஓரம் கட்டி நிறுத்திப் பேசும் பழக்கம் வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை எந்தப் பூட்டையும் திறந்துவிடுவானே என்பதும் உண்மைதான். ஆனால் ஓடும் வண்டியில் செட்டிங்ஸைத் தேடி மாற்றுவது வேண்டுமென்றே செய்யும் செயல். ஒலி கேட்டதும் கை தானாகப் போவது அப்படியல்ல. பெரும்பாலும் ஆபத்து இந்த இரண்டாவதில்தான். அதைத் தடுத்தாலே பெரும் பயன்.

ஆகவே, காருக்கு போனின் ஓட்டுநர் முறையை புளூடூத்தோடு இணைத்து வையுங்கள். இரு சக்கர வண்டிக்கு, கிளம்பும் முன் ஓட்டுநர் முறையைப் போட்டு, போனை சீட்டுக்கு அடியில் உள்ள டிக்கியில் வையுங்கள். அவர்கள் சாலையில் இருக்கும் நேரம் தெரிந்தால், அழைக்காமல் இருங்கள். இந்த ஏற்பாட்டை உங்கள் போனிலும் முதலில் செய்யுங்கள். பிள்ளைகள் பின்பற்றப்போவது அதைத்தான்.