மலை சரிவதற்கு 5 வாரம் முன்பே

சுவிட்சர்லாந்தின் கிராபுண்டன் மாநிலத்தில் மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பிரியென்ஸ் கிராமம். நூறு பேர்கூட இல்லாத ஊர். 2023 மே 12 மாலைக்குள் அத்தனை பேரும் வெளியேறியாக வேண்டும் என்று உத்தரவு. மாடுகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மேலே மலை அப்படியேதான் நின்றது. அவ்வப்போது கற்கள் உருண்டு புழுதி கிளம்பியதோடு சரி.

மண் நகர்வது அவர்களுக்குப் புதிதில்லை. அப்போது ஊரே ஆண்டுக்கு ஒரு மீட்டருக்கு மேல் பள்ளத்தாக்கை நோக்கி வழுக்கிக்கொண்டிருந்தது. பூசி மறைத்த விரிசல் சுவரில் மறுபடி வாய்பிளக்கும். தேவாலயக் கோபுரம் சாய்ந்தே நிற்கிறது. தினமும் பார்க்கும் கண்ணுக்கு இதெல்லாம் உறைக்காது. அதனால்தான் அங்கே மலையைப் பார்க்கும் வேலை கருவிகளுடையது.

ரேடாரைத் தூரத்தில் நிறுத்திப் பாறைமுகத்தை அளக்கிறார்கள். பாறையில் பொருத்திய பிரதிபலிப்பான்கள்மேல் லேசர் பாய்ச்சி, எவ்வளவு நகர்ந்தன என்று கணக்கெடுக்கிறார்கள். நிலவியலாளர்கள் தேடுவது ஒன்றைத்தான்: நேற்றைவிட இன்று வேகம் கூடியிருக்கிறதா? 1-ஐ அந்த வேகத்தால் வகுத்து, நாள்வாரியாகக் கோடு வரைவார்கள். வேகம் கூடக் கூடக் கோடு கீழே இறங்கும். அது பூஜ்யத்தைத் தொடப்போகும் நாள்தான், ஏறக்குறைய, மலை சரியும் நாள்.

பாறைத்திரள் துண்டுதுண்டாக உதிர 60 சதவீதம், மெல்ல வழிந்து இறங்க 30 சதவீதம், ஒரேயடியாகப் பாய்ந்து ஊரை மூட 10 சதவீதம் வாய்ப்பு என்று அப்போது நிலவியலாளர்கள் சொன்னார்கள். அந்தப் பத்துக்காகத்தான் ஊர் காலியானது. மிகச் சரியான முடிவு.

ஜூன் 15, நள்ளிரவு நெருங்கும் நேரம். சுமார் 12 லட்சம் கனமீட்டர் பாறை இறங்கியது. சாலை புதைந்தது. பள்ளிக்கூடத்துக்குச் சில மீட்டர் முன்னால் பல மீட்டர் உயரத்துக்குக் குவிந்து நின்றுவிட்டது. எவருக்கும் கீறல்கூட இல்லை.

இப்படிச் சரியப்போகும் மலையை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் பள்ளத்தாக்கின் அடியில் நிற்கவே கூடாது. எதிர்ச்சரிவில் நின்றால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 2025 மே 28-இல் சுவிட்சர்லாந்தின் இன்னொரு கிராமமான பிளாட்டனைப் புதைத்த பனியும் பாறையும் ஆற்றைத் தாண்டி எதிர்ச்சரிவிலும் ஏறின. அங்கேயும் சுமார் 300 பேரை ஒன்பது நாள் முன்பே வெளியேற்றியிருந்தார்கள். நிற்கும் இடத்தை அதிகாரிகள் சொல்லட்டும். நெடுநாள் கவனிக்கிறவர்கள் அங்கிருந்தே, ஒரே கோணத்தில், நாள்தோறும் படம் எடுத்து ஒப்பிட்டால், கண் தவறவிட்ட விரிசல் அகலமாவது தெரியும்.

பிரியென்ஸ் மக்கள் 2023 ஜூலையில் வீடு திரும்பினார்கள். மேலே குவிந்து கிடந்த சரளை மீண்டும் நகரத் தொடங்கியதும், 2024 நவம்பரில் இரண்டாவது முறையாகக் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.