மாலையில் மட்டும் அறுந்துபோகும் குரல்

கேள்வி: பிரசவத்துக்கு வந்த மகள், விடுப்பு முடிந்த பிறகு இங்கிருந்தே சென்னை அலுவலக வேலையைப் பார்க்கிறாள். அவள் அறை மாடியில். ரௌட்டர் கீழே கூடத்தில். 100 எம்.பி.பி.எஸ். ஃபைபர் இணைப்பு. பகலில் ஒழுங்காக இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு மேல் மீட்டிங்கில் இவள் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். மேலாளர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இணைப்புக் கொடுத்தவர் 300-க்கு மாறச் சொல்கிறார். சம்பந்தி வீட்டில் வயரே இல்லாமல் 5ஜி பெட்டி வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுப் பையன் மாடிக்கு வயர் இழுக்கச் சொல்கிறான். அது இடி மின்னலுக்கு வழிவிட்டதாகும் என்று என் கணவர் மறுக்கிறார். மகள் வேலைக்கே ஆபத்து வருமோ என்று எனக்குத் தூக்கம் இல்லை.
– ச. ம., தென்காசி

பதில்: அம்மா, இன்றிரவு நன்றாகத் தூங்குங்கள். இது வேலையைப் பறிக்கிற கோளாறு அல்ல. பெரும்பாலும் ஒரு வயரோடு தீர்ந்துவிடும். அதுவரை 300-க்கு மாற வேண்டாம். வீடியோ மீட்டிங்குக்கு மூன்று, நான்கு எம்.பி.பி.எஸ். இருந்தாலே தாராளம். உங்களிடம் 100 இருக்கிறது.

பிறகு ஏன் குரல் அறுகிறது? சினிமா பார்க்கும்போது அடுத்து வரவேண்டிய காட்சிகளைக் கருவி முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நடுவில் ஒரு விநாடி தடங்கினாலும் நமக்குத் தெரியாது. பேச்சை அப்படிச் சேமித்து வைக்க முடியாது. மகள் பேசுவது சிறு சிறு துண்டுகளாகப் போகிறது. ஒரு துண்டு உடனே போய், அடுத்தது கால் விநாடி பிந்தினால், அந்தப் பிந்திய துண்டு வீண்தான். இதை ஜிட்டர் (துண்டுகள் சீரற்ற இடைவெளியில் போய்ச் சேர்வது) என்பார்கள். அதிக வேகத் திட்டம் வாங்கினால் இது சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம்.

வயரா, வயர்லெஸ்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. கூடம் வரை கண்ணாடி இழையில் (ஃபைபர்) வருகிறது. அங்கிருந்து மாடிக்குப் போகிற அந்தச் சில அடிகள்தான் காற்று. எனக்குச் சந்தேகம் அந்தச் சில அடிகள் மேல்தான்.

வைஃபை, பட்டிமன்ற மேடையில் ஒரே ஒரு மைக் வைத்ததுபோல. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். ஒவ்வொரு கருவியும் முதலில் காதுகொடுத்து, வேறு யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகே அனுப்பும். நடுவில் கெட்டுப்போனால் திரும்ப அனுப்பும். உங்கள் வீட்டு போன், டிவி மட்டும் அல்ல, அதே அலைவரிசையில் இருக்கும் பக்கத்து வீட்டு ரௌட்டரும் இந்த வரிசையில் நிற்கிறது. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும்கூட அந்தப் பக்கம்தான். மாலையில் தெருவே வீட்டில் இருக்கும், எல்லா வீட்டிலும் டிவி ஓடும். பகலில் நன்றாக இருந்து ஆறு மணிக்கு மேல் கெடுவதற்கு இது போதும்.

5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு. ஆனால் அது தடுப்புகளைத் தாண்டுவதில் சோனி. உங்கள் கூடத்துக்கும் மாடிக்கும் நடுவே கம்பி கட்டிய காங்கிரீட் தளம் இருக்கிறதே, அதில் பாதி உயிர் போய்விடும்.

வயரில் இந்த வரிசையே கிடையாது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடியாக முறுக்கி இருக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல விழுவதால் கழித்துவிட முடிகிறது. அதற்குத்தான் அந்த முறுக்கு. அனுப்புவதும் பெறுவதும் ஒரே நேரத்தில் நடக்கும். வேடிக்கை என்னவென்றால், 1973-இல் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டை (இன்றைய லேன் வயரின் முன்னோடி) உருவாக்கத் தொடங்கியபோது அவருக்கு வழிகாட்டியது ஒரு வயர்லெஸ் வலை: 1971-இல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ராம்சன் குழு ரேடியோவில் அமைத்த அலோஹாநெட். அந்த முதல் ஈதர்நெட்டிலும் எல்லாரும் ஒரே கேபிளைப் பங்கிட்டு முட்டி மோதிக்கொண்டார்கள். ஆளுக்கொரு வயர் என்பது பிறகு வந்த வசதி. வைஃபை இன்றும் பங்கிட்டுக்கொண்டிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. நாளை மாலை மீட்டிங்கின்போது மகளை லேப்டாப்போடு கூடத்துக்கு வரச்சொல்லுங்கள். ரௌட்டர் வாங்கும்போது பெட்டியில் ஒரு சின்ன லேன் கேபிள் வந்திருக்கும். அதைச் செருகி, லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டுப் பேசட்டும். செருகத் துளை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யூ.எஸ்.பி.யில் மாட்டும் சின்ன லேன் அடாப்டர் கடையில் கிடைக்கும். குரல் சுத்தமாகப் போனால் குற்றவாளி காற்றுதான். எதிர்வீட்டுப் பையன் சொன்னதைச் செய்துவிடுங்கள். வயரிலும் அறுந்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. அப்போது நிறுவனத்தாரிடம் “நேரடியாக வயரில் போட்டும் கட் ஆகிறது” என்று சொல்லுங்கள். “உங்க வைஃபைதான் வீக்” என்று தட்டிக்கழிக்க முடியாது.

மாடிக்கு இழுப்பதானால் கேட்-6 கேபிள் கேளுங்கள். முழுச் செம்புதானா என்று பாருங்கள்; அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு பூசியதும் விற்கிறார்கள். கம்பி முனையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அது வேண்டாம். 100 மீட்டர் வரை தாங்கும் என்பதால் உங்கள் வீட்டுக்குத் தூரம் பிரச்சினையே இல்லை. கரன்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் இதையும் நுழைக்க விடாதீர்கள். மேலே மற்றவர்களின் போனுக்கும் வைஃபை வேண்டுமென்றால் அந்த வயரின் முனையில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (வயரில் வருவதை அந்த அறையில் வைஃபையாகப் பரப்பும் பெட்டி) வைக்கலாம். ரிப்பீட்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது காற்றில் வாங்கிக் காற்றிலேயே கொடுப்பது. நெரிசல் கூடத்தான் செய்யும்.

உங்கள் கணவரின் பயம் நியாயமானது, இடம்தான் மாறியிருக்கிறது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்க உள்ளே இரும்புக் கம்பி வைத்த கேபிள்கள் உண்டு. இடி நேரத்தில் ரௌட்டர் கெடுவது பெரும்பாலும் கரன்ட் லைன் வழியாகத்தான். வெளியே போகும் செம்பு வயரிலும் மின்னல் ஏறலாம்; எனவே மாடிக்குப் போகும் கேபிளை வெளிச்சுவரிலோ மொட்டைமாடியிலோ கொண்டுபோகாமல் வீட்டுக்குள்ளேயே, படிக்கட்டுச் சுவரை ஒட்டி ஏற்றுங்கள். ஐப்பசியில் இடி உருளத் தொடங்கும் முன்பே ரௌட்டரின் பிளக்கையும் லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

சம்பந்தி வீட்டுப் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஜியோவும் ஏர்டெல்லும் 2023 முதல் தரும் ஏர்ஃபைபர், இழை வராத ஊர்களுக்கு நல்ல வரம். ஆனால் அந்தப் பெட்டி நம்பியிருக்கும் 5ஜி டவரையும் மாலையில் ஊரே பங்கிடும். வாசல் வரை இழை வந்துவிட்ட நீங்கள் அதை விட்டுவிட்டு அங்கே போவானேன்?

ஒரு வேலை மட்டும் இன்றே தொடங்கலாம். குரல் அறுந்த தேதியையும் நேரத்தையும் மகளை ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள். வயர் சோதனைக்குப் பிறகும் புகார் செய்ய வேண்டியிருந்தால் அந்தத் தாளைப் படித்துக் காட்டி, புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள்.