மெல்பேர்ணில் குண்டு மல்லிகை வளர்த்தல்

குண்டு மல்லிகை ஆண்டு முழுவதும் பசுமை மாறாத செடி. ஆயினும் வெப்ப நிலங்களுக்குரிய அது இங்குள்ள குளிர்காலத்தை எளிதில் தாங்காது. உறைபனி பட்டால் இளந்தளிர்கள் கருகிவிடும். ஆகவே நிலத்தில் நடுவதைவிட, அடியில் துளைகளுள்ள, 30 முதல் 40 சென்ரிமீற்றர் அகலமான சாடியில் நடுவதே நன்று. இங்கு சூரியன் வடதிசையில் சாய்ந்து செல்வதால், வடக்கு நோக்கிய சுவரோரம் சாடியை வையுங்கள். நிழலில் இலை செழிக்கும், பூ அரிது.

கத்தரிக்கும் காலத்தில்தான் குழப்பம் நேர்கிறது. தமிழ்நாட்டில் நவம்பர் இறுதியில் கத்தரிப்பர். மார்ச் மாதமளவில் பூக்கத் தொடங்கும். உறவினர் சொல்லும் அந்த மாதக்கணக்கை இங்கு பின்பற்றினால், கோடையில் பூக்கவிருக்கும் கிளைகளையே வெட்டிவிடுவோம். புதிய தளிர்களிலேயே அரும்பு கட்டும். எனவே உறைபனி அச்சம் நீங்கும் செப்டெம்பர் பிற்பகுதியில் கத்தரித்து, அதன் பின்னர் உரமிடுங்கள். புல்தரைக்குரிய, தழைச்சத்து மிகுந்த உரம் வேண்டாம்.

குளிர்காலத்தில் உரமே தேவையில்லை. மேல்மண் உலர்ந்த பின்னரே நீரூற்றுங்கள். குளிருக்குத் தப்பிய செடியும் ஈரம் தேங்கினால் வேரழுகி இறந்துவிடும்.

ஊரிலிருந்து பதியன் கொண்டுவர எண்ண வேண்டாம். உயிருள்ள செடித்துண்டுகளை அனுமதியின்றி ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவருவதை உயிரியல் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. அஞ்சலில் அனுப்புவதற்கும் இது பொருந்தும். அதற்குத் தேவையும் இல்லை. அயலவரின் செடியிலிருந்து கோடையில் வெட்டிய, மூன்று கணுக்களுள்ள தண்டு ஈரமணலில் சில வாரங்களில் வேர்விடும்.